சீமைச் சுண்ணாம்பின் சொந்த ஊர்: செவன் சிஸ்டர்ஸ் கடலோர நடை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. லண்டனுக்குப் புதிதாக வந்த நண்பர்கள், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்தவர்கள், மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தவர்கள் என எல்லோரும் ஒரே படத்தை அனுப்பி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நீலக் கடல், பச்சைப் புல்வெளி, இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு வெள்ளைச் சுவர். "இது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?" தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. குரோய்டனிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய் வருகிறவன் என்ற தகுதியில், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

அந்தப் படத்தில் இருப்பது டோவர் பாறைகள்தானே?

பெரும்பாலும் இல்லை. டோவர் கென்ட் மாவட்டத்தில், பிரான்ஸுக்குக் கப்பல் புறப்படும் துறைமுகத்துக்கு மேலே இருக்கிறது. நீங்கள் அனுப்பும் படம் சஸ்ஸெக்ஸ் கடற்கரையில் சீஃபோர்டுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே உள்ள செவன் சிஸ்டர்ஸ், அதாவது ஏழு சகோதரிகள் என்று பெயர் பெற்ற சுண்ணாம்புப் பாறை வரிசை. துறைமுகமோ பாரம் தூக்கியோ கண்ணில் படாமல் சுத்தமாக இருப்பதால், திரைப்படங்களில் டோவர் வரவேண்டிய இடத்தில்கூட இந்தச் சகோதரிகளை நிறுத்திப் படம் பிடித்துவிடுகிறார்கள். சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்கா கடலைத் தொடும் இடம் இது.

சகோதரிகள் ஏழு பேர் இருக்கிறார்களா?

எண்ணிப் பாருங்கள், எட்டு வரும். மேற்கிலிருந்து ஹேவன் ப்ரோ, ஷார்ட் ப்ரோ, ரஃப் ப்ரோ, பிராஸ் பாயின்ட், ஃபிளாக்ஸ்டாஃப் பாயின்ட், பெய்லீஸ் ஹில், வென்ட் ஹில் என்று ஏழு பெயர்கள். ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் பெய்லீஸுக்கும் நடுவில் ஃபிளாட் ஹில் என்று இன்னொரு மேடு உண்டு. பெயருக்கேற்பத் தட்டையாக இருந்ததால் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்போல. ஏறி இறங்கும் முழங்காலுக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது, அது எட்டையும் எண்ணிவிடும். உயரமானவள் மூத்தவள் ஹேவன் ப்ரோ, 77 மீட்டர். முதலிலேயே அவளைத் தாண்டிவிடுவது ஓர் ஆறுதல்.

இந்த ஏற்ற இறக்கம் எப்படி வந்தது என்பது சுவையான கதை. பனியுகத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, கோடையில் உருகிய நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலாக ஓடிப் பள்ளத்தாக்குகளை அரித்தது. பனியுகம் போனபின் நீர் சுண்ணாம்புக்குள் இறங்கிவிட்டது, பள்ளத்தாக்குகள் வறண்டு நின்றன. பிறகு கடல் வந்து அவற்றைக் குறுக்கே வெட்டியது. ரொட்டியைக் குறுக்கே அறுத்தால் மேல் விளிம்பு வளைந்து வளைந்து தெரியுமே, அதைத்தான் நாம் சகோதரிகள் என்கிறோம்.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரே நாளில் முடியுமா?

சீஃபோர்டு ரயில் நிலையத்திலிருந்து ஈஸ்ட்போர்ன் ரயில் நிலையம் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர். சாப்பாடு, படம் பிடித்தல், மூச்சு வாங்குதல் எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளைத் தின்னும். மலை என்று சொல்லும்படி எதுவுமில்லை. ஆனால் ஐம்பது மீட்டர் ஏறி, அதை அப்படியே இறங்கி, மறுபடி ஏறி என்று திரும்பத் திரும்பச் செய்தால் பழனிப் படியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறியதுபோல் இருக்கும்.

முழு நடையும் வேண்டாம் என்றால், குக்மியர் ஆற்றுப் பாலம் இருக்கும் எக்ஸீட்டில் தொடங்கி, கடற்கரைக்கு இறங்கப் படிக்கட்டு இருக்கும் பர்லிங் கேப்பில் முடிக்கலாம். சகோதரிகள் அனைவரும் அதற்குள் வந்துவிடுவார்கள். மூன்று மணி நேரம் போதும்.

சீஃபோர்டிலிருந்து தொடங்குவதா, ஈஸ்ட்போர்னிலிருந்தா?

சீஃபோர்டிலிருந்துதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இந்தக் கடற்கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கிழக்கு நோக்கி நடந்தால் அது முதுகைத் தள்ளிவிடும், மேற்கு நோக்கி நடந்தால் நாள் முழுக்க முகத்தில் அறையும். இன்னொரு காரணம் படம். எல்லோரும் எடுக்கும் அந்தப் படம், முன்னால் பழைய கடலோரக் காவலர் குடியிருப்புகள், பின்னால் வரிசையாகப் பாறைகள், சீஃபோர்டு ஹெட் பக்கம் இறங்கும் சரிவிலிருந்து எடுப்பது. காலையிலேயே அது கிடைத்துவிட்டால் பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடக்கலாம். மூன்றாவது காரணம், களைத்துப்போய் முடிக்கும் ஊரில் லண்டனுக்கு நேரடி ரயில் இருக்கவேண்டும். ஈஸ்ட்போர்னில் இருக்கிறது, சீஃபோர்டில் இல்லை.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

விக்டோரியாவில் ரயில் ஏறி லூயிஸில் இறங்கி, சீஃபோர்டு போகும் சின்ன ரயிலுக்கு மாறுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கிழக்கு குரோய்டனிலும் ஏறிக்கொள்ளலாம். திரும்பும்போது ஈஸ்ட்போர்னிலிருந்து நேராக விக்டோரியா. போகிற ஊர் ஒன்று, திரும்புகிற ஊர் வேறு என்பதைச் சொல்லி டிக்கெட் கேளுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது வாயிற்கதவு திறக்காமல் நிற்க நேரும். மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து, நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் குழுச் சலுகையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மூன்று பேர் கிடைக்காத தமிழர் யார்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்தின இரவே தண்டவாளப் பணி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் போய், ரயிலுக்குப் பதில் விட்ட பஸ்ஸில் வரப்புச் சாலையெல்லாம் சுற்றிச் சீஃபோர்டு சேர நண்பகலான கதை என்னுடையது. அன்று பர்லிங் கேப்போடு திரும்பிவிட்டோம்.

பஸ் என்றால், பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் வரிசை பஸ்கள் சீஃபோர்டு, எக்ஸீட் வழியாகப் போகும். 13எக்ஸ் பஸ் பர்லிங் கேப்புக்கும், அதற்கு அப்பால் ஈஸ்ட்போர்ன் பக்கம் இருக்கும் பீச்சி ஹெட் என்ற உயரமான முனைக்கும் போகும். ஆனால் அதன் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மாடி பஸ்ஸில் மேலே முன் இருக்கை கிடைத்தால் பாதி உல்லாசம் அதிலேயே முடிந்துவிடும்.

வரைபடத்தில் ஆறு ஒன்று குறுக்கே ஓடுகிறதே, கடப்பது எப்படி?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் போனவன் நான். குக்மியர் ஆறு கடலில் சேரும் இடத்தில் பாலம் கிடையாது. குடியிருப்புகளைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினால், எதிர்க்கரையில் நடப்பவர்களின் சட்டை நிறம்கூடத் தெரியும், அவ்வளவு பக்கம். நடுவில் ஆறு. பாலம் வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுப் பக்கம் நடந்து எக்ஸீட் பாலத்தைக் கடந்து, மறு கரையில் அதே தூரம் திரும்பி வரவேண்டும்.

முதல் முறை போனபோது, கடல் வற்றியிருந்த நேரம், யாரோ ஒருவர் காலணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்ததைப் பார்த்து நானும் இறங்கினேன். காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இந்த வாய்க்கால் எம்மாத்திரம் என்ற நினைப்பு. பத்தடி போவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. அடியில் கூழாங்கற்கள் உருள, ஓட்டம் காலைக் கடல் பக்கமாக இழுத்தது. குளிரில் பாதம் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. திரும்பிவிட்டேன். பாலத்துக்கே போங்கள். அந்தச் சுற்று வீணும் அல்ல. குக்மியர் அங்கே பாம்புபோல் வளைந்து கிடப்பதைப் பள்ளிப் புவியியல் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1840களில் வெள்ளத்தைக் கடலுக்கு விரைவாக அனுப்ப நேராக ஒரு கால்வாய் வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஆறு கால்வாயில் ஓடுகிறது, பழைய வளைவுகள் ஓட்டமில்லாமல் அழகுக்குக் கிடக்கின்றன. எக்ஸீட்டில் பார்வையாளர் மையமும் கழிப்பறையும் இருக்கின்றன.

பாறை ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது?

சாக்பீஸுக்குத் தமிழில் சீமைச் சுண்ணாம்பு என்று ஒரு பெயர் உண்டு. இங்கிலாந்தைச் சீமை என்று சொன்ன காலத்துப் பெயர். அந்தச் சீமையில் அந்தச் சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், இந்தக் கடற்கரை முழுக்க அதுதான். (இன்று வகுப்பறைக்கு வரும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது. பெயர் மட்டும் மிச்சம்.)

இது கல்லாகத் தோன்றியது அல்ல, உயிராக இருந்தது. சுமார் 8 முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் உலவிய கிரெட்டேஷியஸ் காலத்தில், இந்த இடம் வெதுவெதுப்பான கடலின் அடியில் இருந்தது. அந்தக் கடலில் மிதந்த பாசி வகை ஒன்று தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் சிறுசிறு தகடுகளைப் போர்த்திக்கொள்ளும். ஒரு தகட்டின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. செத்த பாசியின் தகடுகள் கீழே படிந்தன. ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் சேர்ந்ததுதான், நாம் தலைதூக்கிப் பார்க்கும் இந்தச் சுவர். கிரெட்டேஷியஸ் என்ற பெயரே இலத்தீனில் சீமைச் சுண்ணாம்பைக் குறிக்கும் கிரேட்டா என்ற சொல்லிலிருந்து வந்தது.

அதே காலத்தில் நம் அரியலூரும் கடலுக்கடியில்தான் இருந்தது. அங்கே சிமென்ட் ஆலைக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், அதில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களும் கிரெட்டேஷியஸ் கடல் விட்டுப்போனவை. அரியலூர்க்காரர்கள் சஸ்ஸெக்ஸ் பாறையைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடலாம்.

வெள்ளைச் சுவரில் அடுக்கடுக்காகக் கரிய கோடுகள் தெரியும். அவை சிக்கிமுக்கிக் கற்கள். கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்கா கரைந்து சுண்ணாம்புக்குள் கட்டியாக இறுகியது. கீழே கரையில் கால் வைக்கும் இடமெல்லாம் கிடக்கும் கூழாங்கற்கள் பாறையிலிருந்து விழுந்த அந்தக் கற்களே. அருகிலுள்ள ஈஸ்ட் டீன் கிராமத்தில் வீட்டுச் சுவர்கள் இந்தக் கல்லால் கட்டியவை.

ஆனால் வெள்ளை ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? கடலருகே எந்தச் சுவரும் பாசி பிடித்து, புல் முளைத்துப் பச்சையாகிவிடுமே? இந்தப் பாறை ஓயாமல் இடிந்து விழுவதால் பாசி பிடிக்க நேரமில்லை. கடல் எட்டாத பழைய பாறைகளைப் பாருங்கள், செடி கொடி மூடிக் கிடக்கும். எங்கே பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதோ, அங்கே அண்மையில் விழுந்திருக்கிறது என்று பொருள். அடுத்த கேள்விக்கான பதிலும் இதில்தான் தொடங்குகிறது.

விளிம்புக்கு எவ்வளவு அருகில் போகலாம்? மற்றவர்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து படம் எடுக்கிறார்களே?

ஐந்து மீட்டருக்குள் போகாதீர்கள். நான் பத்து மீட்டர் தள்ளியே நடப்பேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மேலே நிற்பவருக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அடியைக் கடல் குடைந்திருக்கும். மேல் விளிம்பு திண்ணைக் கூரைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வளர்ந்த புல், பக்கத்துப் புல்லைப் போலவே பச்சையாக இருக்கும். பர்லிங் கேப்பில் கரைக்கு இறங்கி நிமிர்ந்து பாருங்கள். மேலே ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் நிற்கும் பலகைக்கு அடியில் வெறும் காற்று. கீழிருந்து அதை ஒருமுறை பார்த்தவர் மேலே போய் விளிம்பில் நிற்கமாட்டார். அதனால்தான் என்னோடு முதல் முறை வருகிறவர்களை எக்ஸீட்டுக்குப் பதில் பர்லிங் கேப்புக்கு அழைத்துப்போய், முதலில் கீழே இறக்கிக் காட்டிவிடுகிறேன். அறிவிப்புப் பலகை பத்து செய்யாததை அந்த ஒரு பார்வை செய்யும். 2017-இல் படத்துக்காக விளிம்பருகே துள்ளிக் குதித்த மாணவி ஒருவர் இந்தச் சகோதரிகளின் மேலிருந்துதான் விழுந்து இறந்தார்.

எவ்வளவு வேகத்தில் பாறை பின்வாங்குகிறது? 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பீச்சி ஹெட், ஹோப் கேப் கரைகளில் கிடைத்த சிக்கிமுக்கிக் கற்களில் பெரிலியம்-10 எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். பாறை திறந்து வெயில் படத் தொடங்கிய நாளிலிருந்து விண்கதிர் பட்டு உண்டாகும் பொருள் அது. கல் எப்போது வெளியே வந்தது என்பதை அதைக்கொண்டு சொல்லிவிடலாம். சில ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் என்று தேய்ந்த பாறை, கடந்த 150 ஆண்டுகளில் 22 முதல் 32 சென்டிமீட்டர் என்று தேய்கிறதாம். பாறையைக் காக்கும் கூழாங்கல் கரை மெலிந்ததும், கடலின் சீற்றமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

சராசரியை நம்பி ஏமாறவேண்டாம். பாறை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தவணை கட்டுவதில்லை. பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் லாரி லாரியாக விழும். 2014 குளிர்காலப் புயல்களில் பர்லிங் கேப்பில் ஏழு ஆண்டு அரிப்பு இரண்டு மாதத்தில் நடந்ததாக அந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் சொன்னது. உணவகத்தின் ஒரு பகுதியை இடிக்கவேண்டியதாயிற்று. பீச்சி ஹெட் அருகே சாத்தானின் புகைபோக்கி என்று பெயர் பெற்ற சுண்ணாம்புத் தூண் ஒன்று நின்றது. 2001-இல் சரிந்து போனது.

கீழே கடற்கரை வழியாகவே நடந்துவிடலாமா?

வேண்டாம். கடல் ஏறும்போது பாறைக்கும் அலைக்கும் நடுவில் நிற்க இடம் இருக்காது. பர்லிங் கேப்புக்கும் குக்மியர் முகத்துக்கும் இடையே மேலே ஏற வழியே கிடையாது. மேலிருந்து கல் விழும் ஆபத்து வேறு. பர்லிங் கேப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உலாவுங்கள், அதற்கும் அன்றைய கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது சிக்கிக்கொண்டதைக் கண்டால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலரைக் கேளுங்கள். நீங்களே இறங்கிக் காப்பாற்றப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பர்லிங் கேப்பில் பஸ்ஸையோ காரையோ விட்டு இறங்கினால் பத்தடியில் கடல் தெரியும். உட்கார இடம், தேநீர், கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் படிக்கட்டில் கரைக்கு இறங்கலாம். படிகள் செங்குத்து, ஒரு கை கம்பியில் இருக்கட்டும்.

போன ஆண்டு என் மாமியார் வந்திருந்தார். பட்டுச்சேலை வேண்டாம் என்ற மகளின் பேச்சைக் கேட்டு நூல் சேலையும், மகனின் பழைய விளையாட்டுக் காலணியும், மேலே என் குளிர்ச்சட்டையுமாகக் கரைக்கு இறங்கினார். பாறையை அண்ணாந்து பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, இது சுண்ணாம்புதானே?" என்றார். ஆமாம் என்றேன். அலை உருட்டி மழுக்கிய வெள்ளைத் துண்டு ஒன்றைப் பொறுக்கி, பக்கத்திலிருந்த பெரிய கருங்கல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோடு விழுந்தது. அவ்வளவுதான், குந்தி உட்கார்ந்து ஐந்து புள்ளி வைத்துக் கோலத்தைச் சுற்றி முடித்துவிட்டார். பக்கத்தில் வாளியோடு நின்ற வெள்ளைக்காரச் சிறுமி தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஈரத்தில் இழுத்தால்தான் நன்றாக ஒட்டுகிறது" என்று மாமியார் அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் கடல் ஏறி அழித்திருக்கும்.

கலங்கரை விளக்கத்தையே நகர்த்தி வைத்தார்களாமே?

உண்மைதான். பர்லிங் கேப்பைத் தாண்டி அடுத்த மேட்டில் நிற்கும் பெல் டூட் 1832-இல் கட்டியது. கட்டியவர்களின் கணக்கு சாமர்த்தியமானது. கப்பல் கரைக்கு மிக அருகில் வந்துவிட்டால் பாறையின் விளிம்பு விளக்கை மறைத்துவிடும், வெளிச்சம் தெரியவில்லை என்றால் விலகிப் போ என்று பொருள். ஆனால் விளிம்பு இடிந்து இடிந்து பின்வாங்க, வெளிச்சம் தெரியக்கூடாத இடத்திலும் தெரிய ஆரம்பித்தது. போதாததற்கு உச்சியில் மூடுபனி வந்தால் விளக்கே காணாமல் போய்விடும். 1902-இல் அதை அணைத்துவிட்டு, பீச்சி ஹெட்டின் அடியில் கடலுக்குள்ளேயே புதிய கலங்கரை விளக்கம் ஒன்றை எழுப்பினார்கள். 43 மீட்டர் உயரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோயில் மதில்போல் பட்டை அடித்து நிற்பது அதுதான். 2011-இல் இனி வண்ணம் பூசத் தேவையில்லை என்று நிர்வாகம் சொன்னபோது ஊர்க்காரர்கள் 27,000 பவுண்ட் திரட்டிப் பூசவைத்தார்கள்.

பழைய பெல் டூட் வீடாயிற்று. 1999-இல் விளிம்பு வாசலுக்கு வந்துவிட்டது. 850 டன் கட்டடத்தை அடியோடு பெயர்த்து, நீரழுத்தப் பளுதூக்கிகளில் ஏற்றி, காங்கிரீட் தண்டவாளத்தின் மேல் 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். தேவைப்பட்டால் மறுபடியும் தள்ளும்படியே அடித்தளம் போட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே அறை எடுத்துத் தங்கலாம்.

சாப்பாடு, தண்ணீர்?

சுண்ணாம்பு நீரைக் குடித்துவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் வழியில் ஓடையோ ஊற்றோ கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தூக்குங்கள். எக்ஸீட், பர்லிங் கேப், பீச்சி ஹெட் மூன்று இடத்திலும் சாப்பிட ஏதாவது கிடைக்கும். சகோதரிகளின் மேல் ஒன்றும் கிடைக்காது.

கட்டுச்சோற்றுக்கு என் ஓட்டு புளியோதரைக்கு. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், சப்பாத்தி காற்றில் பறக்கும். காகிதத் தட்டு கொண்டுபோகாதீர்கள், டப்பாவிலேயே சாப்பிடுங்கள். உட்காரும் இடம் இரண்டு சகோதரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளமாக இருந்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். அப்பளத்தைக் கடற்காகங்கள் கண்ணில் படவிடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன். பகல் நீளம், ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஆடுகள் மேய்ந்து மேய்ந்து கம்பளம்போல் ஆக்கிய புல்லில் காட்டுத் துளசி வாசனையோடு தைம் பூத்துக் கிடக்கும். தலைக்கு மேலே வானம்பாடி கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று மூச்சுவிடாமல் பாடும். ஜூலையில் சஸ்ஸெக்ஸின் பெருமை என்று இவ்வூரார் சொல்லும் நீலக் கொண்டைப் பூவும், சுண்ணாம்பு மண்ணில் மட்டும் பிழைக்கும் நீல வண்ணத்துப்பூச்சிகளும் வரும். ஆகஸ்ட் விடுமுறைச் சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. டிசம்பரில் நான்கு மணிக்கு இருட்டிவிடும், முழு நடைக்கு நேரமில்லை. பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் எந்த மாதமானாலும் வீட்டிலேயே இருங்கள்.

என்ன காலணி?

அடியில் பிடிப்புள்ளது. காய்ந்த சுண்ணாம்பு சிமென்ட் தரைபோல் நன்றாக இருக்கும். மழை பெய்த மறுநாள் சோப்பு. இறக்கத்தில் பின்பக்கம் தரையில் படாமல் வந்தவர்கள் குறைவு. கோடையானாலும் காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும். தொப்பிக்குக் கயிறு வேண்டும்.

கல், புதைபடிவம் எடுத்து வரலாமா?

கூடாது. கரையிலிருந்து கூழாங்கல் எடுத்துப்போகத் தடை இருக்கிறது. பாறையில் சுத்தியல் வைப்பது சட்டத்துக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. கரையில் நட்சத்திரக் கோடு போட்ட உருண்டைக் கல் ஒன்று கிடைக்கலாம். அது கடல் முள்ளெலியின் புதைபடிவம். இந்தப் பக்கத்து இடையர்கள் அதை இடையன் கிரீடம் என்று சொல்லி, இடி விழாதிருக்கச் சன்னல் மேல் வைப்பார்களாம். படம் பிடித்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

பர்லிங் கேப்போடு திரும்பிவிட்டால் என்ன இழப்பு?

கால் போதும் என்றால் திரும்புங்கள், வெட்கமில்லை. ஆனால் தெம்பிருந்தால் பீச்சி ஹெட் வரை போங்கள். 162 மீட்டர், பிரிட்டனின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறை. பெயரில் பீச் இருந்தாலும் கடற்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அழகிய முனை என்ற பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கில நாக்கில் புரண்டு இப்படி ஆயிற்று. சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் அங்கிருந்து பார்த்தால் யாரோ தண்ணீரில் குத்தி வைத்த குச்சிமிட்டாய்போல் இருக்கும். அதை எட்டிப் பார்க்க விளிம்புக்குப் போகவேண்டாம். இரண்டு மேடு முன்னாலேயே பெல் டூட் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது.

அதற்குப் பின் ஈஸ்ட்போர்ன் வரை இறக்கம்தான். கடைசிச் சரிவில் முழங்கால் நடுங்கும். ஊர் எல்லையில் காப்பிக் கடை ஒன்று, பிறகு கடற்கரைச் சாலை, அலைமேடை, ரயில் நிலையம்.

காலணியில் அப்பிய வெள்ளைச் சேறு போகுமா?

ஈரத்தோடு தேய்க்காதீர்கள், பரவும். நன்றாகக் காயவிட்டு இரண்டு காலணியையும் ஒன்றோடொன்று தட்டுங்கள், பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடியை என் மாமியார் வீணாக்கவிடவில்லை. வாசற்படியில் இழுத்துவிட்டார்.